மேர்சியின் முகத்தில் யாரும் அடிக்கவில்லை

பக்கத்து வளவில் எமில்ராஜின் கை முறிந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. முறித்தவர்கள் அவனுடைய மனைவி மேர்சியின் அண்ணன்மார். காரணம் மேர்சியின் கண்வீக்கம். அந்த வீக்கத்துக்கும் எமில்ராஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்காள் வந்து என்னைத் திருத்த வேண்டாம்.

குருநகரில் நண்டு உடைக்கிற கம்பனியில் வேலை செய்பவள் மேர்சி. காலையிலிருந்து பொழுதுபடும்வரை குனிந்தபடி, வெள்ளை லைற்றுக்குக் கீழே, ஓட்டுக்குள் இருந்து சதையை எடுக்க வேண்டும். நாற்பது வயதாகும் முன்பே கண்ணுக்குக் கீழே குழி விழுந்து கறுத்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்ன மேர்சி, நித்திரை இல்லையோ?" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது ஒரு சொல். அவளுக்கு ஒவ்வொரு நாளும் முள்.

போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிரான்ஸிலிருந்து அவளுடைய தங்கை ஸ்ரெல்லா வந்தாள். உடுப்பு வாங்கப் போகிறோம் என்று மேர்சியையும் கொழும்புக்குக் கூட்டிப்போய், ஓர் இடத்தில் கண்ணுக்குக் கீழே ஃபில்லர் ஊசி போடவைத்துக் கொண்டுவந்து விட்டாள். ஜெல் போன்ற ஒரு மருந்தை உள்ளே விட்டுக் குழியை நிரப்புகிற வேலை அது. திரும்பி வந்தவளைப் பார்த்துவிட்டுக் கோயில் முழுக்க அதிசயப்பட்டது. அங்கேதான் மேர்சி பிழைவிட்டாள். உண்மையைச் சொன்னால் கிழவயதில் குமராகப் பார்க்கிறாள் என்று சிரிப்பார்கள் என்று பயந்து, "அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சு மச்சம் மாமிசம் விட்டனான், அதுதான் முகம் தெளிஞ்சது" என்று எடுத்துவிட்டாள். அந்தத் தவக்காலம் குருநகரில் பெண்கள் இருந்த ஒறுத்தலை முந்தி ஒருநாளும் கண்டதில்லை. நானும் மீனையும் கோப்பியையும் விட்டுப் பார்த்தேன். எனக்கு மெலிந்ததுதான் மிச்சம். சுவாமியார் பிரசங்கத்தில் மேர்சியை உதாரணம் காட்டினார். அதற்குப் பிறகு அவள் எந்த வாயால் உண்மையைச் சொல்வாள்?

ஆவணி கழிந்தபின் அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் பழுதாகிக் காய்ச்சலும் வந்தது. பல்லைப் பிடுங்கினாள். காய்ச்சல் விட்டது. அதன்பின் ஒருநாள் காலையில் எழும்பினால் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் வீங்கி, தோல் சிவந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்து கிடந்தது. பார்த்த எவரும் குத்து வாங்கிய முகம் என்றுதான் சொல்வார்கள். அவள் களவாக ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தாள். ஸ்ரெல்லா தனக்கு ஊசி போடுகிற இடத்தில் கேட்டுவிட்டு, மாதக்கணக்குக்குப் பிறகும் இப்படி வருமாம், உடம்பில் காய்ச்சல், கிருமி என்று ஏதாவது வந்தால் உள்ளே கிடக்கிற மருந்தோடு உடம்பு கொழுவிச் சண்டைபிடிக்கத் தொடங்குமாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். மேர்சி போகவில்லை. புருசன் கேட்டதற்கும் "பூச்சி கடிச்சுப் போட்டுது" என்று சொன்னாள்.

அடுத்த நாள் அவளுடைய மூத்த அண்ணன் அடைக்கலநாதனின் மகள் வினோஜாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் மாமி என்று மேர்சிக்குச் சேலை கொடுக்க மாப்பிள்ளையின் தாய் றெஜினா, மேர்சியின் முகம் வீங்கிய அதே நாள் முற்பகலில் வந்தாள். முகத்தைப் பார்த்தாள். பூச்சிக் கதையைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பூச்சி கடித்தது என்றால் புருசன் அடித்தான் என்றுதான் அர்த்தம், அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சேலையைக் கதிரையில் வைத்துவிட்டு நேரே அடைக்கலநாதன் வீட்டுக்குப் போய், "பொம்பிளையளுக்கு முகத்திலை குத்துற குடும்பத்திலையோ நாங்கள் சம்பந்தம் செய்யிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எமில்ராஜ் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. குடித்த காலத்தில் அவன் மேர்சியைப் போட்டு மிதித்தது ஊருக்கே தெரியும். இரண்டு வருடமாகக் குடியை விட்டிருந்தான், கையும் அடங்கியிருந்தது. அதற்காக அவனுக்கு மாலை போட வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அவன் முற்றத்தில் இருந்து படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அடைக்கலநாதனும் தம்பி கனிசியஸும் படலையை உதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனிசியஸ் முதுகில் விட்ட உதையில் எமில்ராஜின் முகம் எஞ்சினில் மோதியது. பல்லும் இரத்தமும் மண்ணில் விழுந்தன. எழும்பப் பார்த்தவனின் தோளில் அடைக்கலநாதன் படகுத் துடுப்பால் போட்டான். விழுந்தவனின் வயிற்றிலும் நெஞ்சிலும் இருவரும் மாறி மாறி உதைத்தார்கள். நான் தையல் மெசினை விட்டுவிட்டு வேலியடிக்கு ஓடிப்போய்க் கத்தினேன். கனிசியஸ் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வேலிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"மேர்சி, சொல்லு! நான் உன்னைத் தொட்டனானோ? சொல்லு மேர்சி!" என்று எமில்ராஜ் குழறினான்.

அவள் குசினி வாசலில் நின்றாள். வாய் திறக்கவில்லை. கனிசியஸ் அவனுடைய வலது கையை இழுத்துக் கல்லில் வைத்துக் காலால் மிதித்துப் பிடிக்க, அடைக்கலநாதன் துடுப்பை இறக்கினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எமில்ராஜ் ஊளையிட்டான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. துடுப்பு மறுபடியும் எழும்பியது, இந்த முறை தலைக்கு.

"ஊசி!" என்று கத்திக்கொண்டு மேர்சி பாய்ந்துவந்து துடுப்பைப் பிடித்தாள். "அவர் அடிக்கேல்லை, பெரியண்ணை! நான் வடிவுக்கு ஊசி போட்டனான். அதுதான் வீங்கினது!"

புருசனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று கனிசியஸ் அவளைத் தள்ளிவிட்டான். அவள் ஸ்ரெல்லாவுக்கு வீடியோ கோல் எடுத்து போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஓம் அண்ணை, நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்" என்று ஸ்ரெல்லா அங்கிருந்து அழுதாள்.

அடைக்கலநாதன் துடுப்பைக் கீழே போட்டான். "முதலே சொல்லியிருக்கலாமே" என்றான், ஏதோ பிழை அவளுடையது போல.

"முதல் உங்களிட்டை ஒண்டு சொன்னனான் அண்ணை. இவர் அடிச்சுக் காது கிழிஞ்ச அண்டைக்கு உங்கடை வீட்டுக்குத்தான் ஓடி வந்தன். காதாலை ரத்தம் ஓட ஓட எனக்குப் பிளேன்ரீ தந்து, புருசன் பெண்சாதிக்குள்ளை நாங்கள் வரேலாது எண்டு இவரோடையே திருப்பி அனுப்பினியள். அண்டைக்கு உங்கடை துடுப்பு எங்கை போனது?"

அன்றைக்குக் கிழிந்த காது சம்பந்தி கண்ணில் படவில்லை, இன்றைக்கு முகம் பட்டுவிட்டது. வெளிக்கிடும்போது அடைக்கலநாதன் எமில்ராஜைப் பார்த்து, "கிணத்தடியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு" என்றான். மேர்சியிடம், "நாளைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வா" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துடுப்பை நானே தூக்கியிருப்பேன்.

ஓட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எமில்ராஜ் வலியில் முனகிக்கொண்டிருந்தான். மேர்சி என் கையைப் பிடித்து, "முதல் உதை விழேக்கை எனக்குச் சந்தோசமாய் இருந்தது அக்கா. கை முறிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. தலைக்கு ஓங்கினாப் போலைதான் என்னிலை எனக்கே பயம் வந்தது" என்றாள்.

அவனுடைய கைக்குக் கட்டுப் போட்டார்கள். இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி மேர்சியின் கண்ணைப் பார்த்து, முதலில் வீக்கத்தை மருந்தால் இறக்கிவிட்டு, பிறகு உள்ளே கிடக்கிறதைக் கரைக்கிறதுக்கு இன்னோர் ஊசி போடலாம் என்றாள். பிறகு அடிபட்ட கேஸ் என்று பொலிஸ்காரர் வந்தார். பக்கத்து வாங்கில் குந்தியிருந்த எங்கள் ஊர்ச் சனம் நாலைந்து பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்தனான் ஐயா" என்றான் எமில்ராஜ். காது கிழிந்த அன்று மேர்சி இதே ஆஸ்பத்திரியில் சொன்ன வசனம் அது. அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தவன் இவன்.

பொலிஸ்காரர் மேர்சியைப் பார்த்தார். "அப்ப உங்கடை முகத்திலை ஆர் அடிச்சது?"

"முகத்திலை ஒருத்தரும் அடிக்கேல்லை. வடிவாய் இருக்க வேணுமெண்டு நான் போட்ட ஊசி. நேர்த்தி வைச்சது எண்டு சொன்னதெல்லாம் பொய்." வாங்கில் இருந்த சனத்துக்கும் கேட்கத்தக்கதாகச் சத்தமாகவே சொன்னாள். "இவர் வழுக்கி விழேல்லை. அடிச்சவை என்ரை கூடப்பிறந்த அண்ணைமார். பேர் சொல்லுறன், எழுதுங்கோ."

எமில்ராஜின் கண் கலங்கிவிட்டது. நல்ல கையை எடுத்து அவளுடைய தோளில் வைத்தான். அவள் அந்தக் கையை எடுத்து அவனுடைய மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"அதை எழுதி முடிச்சிட்டு இன்னொண்டும் எழுத வேணும் ஐயா" என்றாள். "இவர் எனக்கு அடிச்சது."

பொலிஸ்காரர் பேனையை நிமிர்த்திக்கொண்டு, "எப்ப அடிச்சவர்?" என்று கேட்டார்.

"கலியாணம் முடிச்ச கிழமையிலை இருந்து சொல்லுறன்" என்றாள் மேர்சி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.