உள்ளே ஆள் இல்லையா?

போன வாரம் ஒரு சாயங்காலம் என் தங்கை வீட்டுக்காரர் ரீகன் வந்திருந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் ஃபோர்மேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிற மனுஷன், அன்றைக்கு டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், இங்கிலீஷ்ல ஒரு சந்தேகம்" என்றார் கடைசியில்.

நடந்தது இதுதான். யூரியா ஏற்றி வந்த கப்பல். அதன் கிடங்குகளில் ஒன்றில் சரக்கை அநேகமாக இறக்கியாயிற்று. மூலைகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அள்ள இரண்டு பேர் மட்டும் அந்தக் கிடங்குக்குள் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேகம் திரண்டது. கப்பலின் சீஃப் ஆபீசர் வெளிநாட்டுக்காரர். மழைக்கு முன் கிடங்கை மூடிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். ரீகனிடம் கேட்டார்: "நோபடி இன்சைட்?"

"நோ சார்" என்றார் ரீகன்.

ஆபீசர் தலையாட்டிவிட்டுக் கையைக் காட்டினார். கிடங்கின் இரும்பு மூடி நகர ஆரம்பித்தது.

ரீகனுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்திக்கொண்டே, மூடியை இயக்குகிறவரிடம் ஓடினார். பாதி மூடியபடி அது நின்றது.

உள்ளே இருந்த இருவரில் ஒருவரான பேச்சிமுத்து அண்ணாச்சி ஏணி வழியாக ஏறி வந்தார். பின்னாலேயே இன்னொருவர். "மழை இருட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி.

ஆபீசர் முகம் வெளுத்துவிட்டது. "யூ செட் நோ" என்றார்.

"யெஸ், ஐ செட் நோ" என்றார் ரீகன்.

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் நோன்னுதான மச்சான் சொன்னேன்? பொறவு எதுக்கு மூடுதான்?"

நாம் எப்படிப் பேசுகிறோம்? "சாப்பிடலையா?" என்று கேட்டால், "ஆமா, சாப்பிடலை" என்கிறோம். கேட்டவர் நினைத்தது சரியென்றால் ஆமா... தப்பென்றால், "இல்ல, சாப்பிட்டாச்சு." ஆங்கிலத்துக்குக் கேட்டவர் நினைப்பைப் பற்றிக் கவலையே இல்லை. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி. ரீகன் சொன்ன 'நோ'வுக்கு அர்த்தம் — "இல்ல சார், ஆள் இருக்கு." ஆபீசர் காதில் விழுந்தது — "ஆள் இல்லை."

இதைச் சொன்னதும் ரீகன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்போ அவன் புரிஞ்சுக்கிட்டதும் சரி, நான் சொன்னதும் சரியா?"

"அவங்கவங்க பாஷைக்குச் சரிதான் மாப்ள."

"சரியாப் பேசியே ரெண்டு உசிர உள்ள வச்சு மூடப் பார்த்திருக்கோம்."

இலக்கணத்தை விளக்கலாம். ஆனால் பதற்றத்தில் வாய்க்கு வருவது தாய்மொழியின் நோதானே?

ரீகன் விதியை மனப்பாடம் செய்யவில்லை. மறுநாளிலிருந்து ஒற்றை யெஸ், ஒற்றை நோ இரண்டையும் விட்டுவிட்டார். யார் எப்படிக் கேட்டாலும் "டூ மென் இன்சைட் சார்" என்று முழுசாகச் சொல்கிறார். அந்த ஆபீசரும் மாறிவிட்டாராம். இப்போது அவர் கேட்பது, "ஹவ் மெனி மென் இன்சைட்?" இதற்கு யார்தான் யெஸ், நோ சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பேச்சிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன். "உள்ள இருந்தப்போ பயமா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். எந்த மொழி ஆமா என்று நான் கேட்கவில்லை.