ஆரோக்கியசாமியின் புறங்கை

சத்தியமாகச் சொல்கிறேன், ஐயா! நீலசந்திரா தெருமுனையில் நின்று மாதா மேல் ஆணையாகக் கத்தச் சொன்னாலும் கத்துவேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வயர்மேன் வேலை என்பது கண்ணுக்குத் தெரியாத முதலாளியிடம் தினமும் அறை வாங்குவது. ஒருமுறையாவது ஷாக் வாங்கியவர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கையை முழங்கை வரை எறும்புப் புற்றுக்குள் விட்டதுபோல இருக்குமே, அதேதான். பெங்களூர் வீடுகளுக்கு மின்விளக்கு வந்த புதிதில் நானும் என் தங்கை புருஷன் ஆரோக்கியசாமியும் ஜோடியாக வயரிங் செய்தோம்.

சுபேதாரின் முழங்கால்

ரிட்டையரான சுபேதார் ஒருவர். அவர் வீட்டில் நாங்கள் கம்பி இழுத்து முடித்ததும், பல்பு மாட்டாத ஹோல்டருக்குள் எட்டிப் பார்த்தார். "எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. இதுக்கா பயப்படுறீங்க?" என்று விரலை விட்டார். ஆள் மூன்று கெஜம் பறந்து, அளவெடுத்தாற்போலச் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மீசையின் இரண்டு முனையும் மேலே ஏறி, மறு ஞாயிறு வரை மெழுகு இல்லாமலே நின்றது.

அதுகூடப் பரவாயில்லை. பல வருஷமாக மடங்காத வலது முழங்கால் மடங்கியிருந்தது! நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தோம். அவர் காலை மெல்ல நீட்டி, மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், இடது கால் பாக்கி இருக்கு. இன்னொரு தபா போடு!"

நாடி

கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் விளக்கு எங்கள் பெட்டியிலேயே தூங்கும். நாங்கள் புறங்கையால் லேசாகத் தட்டுவோம். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரல்களை மடக்கிவிடும். கம்பி ஆளைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். உண்மையில் நம் கைதான் கம்பியைப் பிடித்திருக்கும். விடு, விடு என்று நாம் உள்ளுக்குள் அலறினாலும் நம் சொந்தக் கை கேட்காது.

ஆரோக்கியசாமி தட்டியே, லைன் எந்தத் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவான். இதைப் பார்த்த ஒரு வீட்டுக்கார அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நாடி பாக்குறீங்களே, அதுக்கு உசுரு இருக்கா?"

குழி

அடுகோடி மாவு மில்லில் மோட்டார் ஓடவில்லை. தரையெல்லாம் கழுவிவிட்ட ஈரம். ஆரோக்கியசாமி வழக்கம்போல வலது புறங்கையால் தட்டினான். ஆனால் இடது கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தான். ஒரு கையில் ஏறிய கரண்ட் நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கியது. சத்தமே இல்லை. குழாயை விடாமல் விறைத்துக் கம்பியில் சாய்ந்தான். காய்ந்த கோணியை அவன்மேல் போட்டு இழுத்தேன். கம்பியும் பிய்த்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு வெளியே கிடத்தினேன். மூச்சு இல்லை.

"பேக, பேக! சீக்கிரம் குழி தோண்டுங்கப்பா!" என்று மில்காரர் கத்தினார். "கழுத்து வரைக்கும் புதைச்சா கரண்டெல்லாம் மண்ணுல எறங்கிடும்!"

"அது உடம்புல தங்காதுய்யா! மூச்சுதான் நின்னிருக்கு!" என்றேன். யார் கேட்டார்கள்? மண்வெட்டி விழுந்துகொண்டே இருந்தது. என் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். அவனைக் குப்புறப் போட்டு, தொடைமேல் மண்டியிட்டு, கீழ் விலாவை அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். பக்கத்தில் குழி முழங்கால் ஆழம் ஆனது. இடுப்பளவு ஆனது. இரண்டு பேர் அவன் காலைத் தூக்கவே வந்துவிட்டார்கள்.

அப்போது, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல அவன் தொண்டையில் ஒரு சத்தம். மண்வெட்டி நின்றது. மில்காரர் கைகூப்பிவிட்டார். ஆரோக்கியசாமி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்: "மச்சான், மெயினை அணைச்சியா?"

அணைக்கவில்லை, ஐயா! பிய்ந்த கம்பி ஈர வாசற்படியில் கிடந்தது. மில்காரரின் வெறுங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண்தான்.

ஷாக் அடித்தது அவனுக்கு, புத்தி கலங்கியது எனக்கு. ஆனால் நான் மெயினை அணைத்துவிட்டுத்தான் அவனைத் தொட்டேன் என்று என் தங்கை இன்றும் நம்பி எனக்கு ஞாயிறுதோறும் கறிசோறு போடுவதால், இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.