அப்பா தொடங்கும் செபமாலை

நேற்று கரண்ட் வந்ததும் ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகை, தலைநகரில் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நாங்கள் இருந்த ஒற்றை அறையை நினைவுக்குக் கொண்டுவந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. மாலையில் கோயில் மணி கேட்டதும் அப்பா ரேடியோவை நிறுத்துவார், அம்மா அடுப்பைத் தணிப்பா, நான் மெழுகுதிரி கொளுத்திப் பாய் விரிப்பேன். துறைமுகத்தில் கப்பல்கள் ஊத, அப்பாவின் கனத்த குரலில் செபமாலை தொடங்கும். பசிக்குது என்று சிணுங்கினால், "முதல்ல ஆண்டவர், பிறகுதான் நாங்கள், பிள்ளை" என்பார்.

சண்டைக் காலத்தில் ஒருநாள், செபத்தின் நடுவே பொலிஸ் வந்தது. அப்பாவின் அடையாள அட்டையில் எங்கள் ஊரான யாழ்ப்பாணத்து விலாசத்தைப் பார்த்ததும் சந்தேகப்பட்டு, அவரை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அப்பா என் நெற்றியில் சிலுவை போட்டு, "செபத்தை விடாதேங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அம்மாதான் தொடங்கினா. நான் வாய் திறக்கவில்லை. தன்னையே முதலில் நினைத்த அப்பாவை நினைக்காத ஆண்டவரோடு எனக்குக் கோபம். ஒரு மாலை அம்மா செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டா. அந்த அமைதிக்குப் பயந்துதான் நான் தொடர்ந்தேன்.

வாரங்கள் கழித்து அப்பா மெலிந்து வந்தார். அங்கே நடந்ததைக் கடைசிவரை சொல்லவில்லை. அன்று மாலை, "தொடங்குங்கோ அப்பா" என்றேன்.

"நீ சொல்லு, பிள்ளை."

நான் சொன்னேன். அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை; அம்மா செபத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் அவர் முழந்தாளில் இருந்தும், அந்த அறையில் நான் தனியாகவே செபித்தேன்.