முக்கோணத்தில் சரிபாதி

மோகனூர் பக்கம் எங்கள் கரும்புத் தோட்டம் ரோட்டோரம் அகன்று, வாய்க்கால் பக்கம் போகப் போகக் குறுகிக் கூராக முடியும். எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் அதைப் பிரித்துக்கொண்டார்கள். பெரியவர் பங்கு வைக்க வேண்டும், எந்தப் பங்கு வேண்டும் என்று சின்னவர் முதலில் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

பெரியவர் பழைய கிணற்று வடங்களை ஒன்றோடொன்று முடிந்து, ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை இழுத்துப் பிடித்தார். பிறகு இரண்டாக மடித்து, மடிப்பு வந்த இடத்தில் கல்லை நட்டுச் சூடம் கொளுத்தினார். சதுரமான நிலங்களை அப்படிப் பிரித்தே பழகியவர்கள். வந்திருந்த பங்காளிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் நான். தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது.

கணவரின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அதனால் அவர் மனைவியிடம், அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"அக்கா, இது பாதி இல்லீங்க."

குச்சியால் மண்ணில் ஒரு முக்கோணம் போட்டு, நடுவில் குறுக்கே கோடு கிழித்தேன். கூர்ப்பக்கம் ஒரு சின்ன முக்கோணம்தான் நின்றது. அதே அளவில் அகலப் பக்கத்தில் மூன்று அடங்கின.

பெரியவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது. சூடம் காட்டிய கல்லைப் பிடுங்குவது ஆகாது.

"எனக்குத் தெரியாமப் போச்சு சாமி. கேக்கற முறை உன்னுது. ரோட்டுப் பக்கத்தையே எடுத்துக்க," என்றார் தம்பியிடம்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவரோ கொஞ்சமும் யோசிக்காமல், "எனக்கு வாய்க்கால் பக்கம் போதுங்கண்ணா," என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அத்தனை பேர் முன்னால படம் போட்டுக் காட்டினேன். உங்களுக்குப் புரியலீங்களா?"

"நல்லாப் புரிஞ்சுது," என்றார். "நீ சொல்லாம இருந்திருந்தா, ரெண்டும் ஒண்ணுதான்னு ரோட்டுப் பக்கத்தையே கேட்டிருப்பேன். நமக்கு ஒத்தப் பையன். அண்ணனுக்கு மூணு பொண்ணுங்க. தெரிஞ்சப்புறம் எப்படிக் கேக்கறது?"

கோபம் தீரவில்லை. ஆனால் அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த ஆசை, தாலி கட்டிய நாளில்கூட எனக்கு வந்ததில்லை.