சுஜா வளர்த்த நாறும் பூ

அஞ்சுகிராமத்தில் சுஜாவின் வீட்டில் அரைக்கிற சாம்பார்ப்பொடிக்கு அக்கம்பக்கத்தில் பேர் உண்டு. மல்லி பதமாக வறுபட்டதை அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, மூக்குதான் சொல்லும். கொரோனாக் காய்ச்சல் வந்து போனதில் அந்த மூக்கு மரத்துவிட்டது. இருமல்கூட விட்டது, மணம் திரும்பவில்லை. ஒரு தடவை மல்லி கருகிப் போனபிறகு, ஒவ்வொரு முறையும் கணவர் பத்மகுமார் அடுப்பருகே நின்று, "போதும், எறக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் தக்கலையிலிருந்து வந்த நாத்தனார் அஜிதா, விரல் நீளத் தண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "ஏதோ கள்ளி, மைனி. பேரு தெரியாது."

இலையும் இல்லை, முள்ளும் இல்லை. நான்கு பட்டையாக, ஓரமெல்லாம் மெத்தென்ற பற்கள். ஐப்பசி மழையில் அடி அழுகிவிட்டது. சுஜா விடவில்லை. நல்ல பாகத்தை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, மயிலாடியில் சிலை செதுக்குகிற இடத்திலிருந்து வாங்கிவந்த கல்பொடியை மணலோடு கலந்து ஒரு தொட்டியில் நட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்தாள். அடுத்த வருடம் தண்டுகள் தொட்டியை நிறைத்து வெளியே வழிந்தன.

ஒரு காலையில் பத்மகுமார் கேஸ் சிலிண்டரை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எலி எங்கயோ செத்துக் கெடக்கு. ஒனக்கு நாறலியா?"

அவளுக்கு எங்கே நாறும்? பக்கத்து வீட்டு உலகம்மை சுவரோரம் முழுக்கப் பினாயில் ஊற்றினாள். சுஜா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, தொட்டிக்கு மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஐந்து முனை நட்சத்திரமாக ஒரு பூ. வெளிறிய மஞ்சளில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

"இஞ்ச வந்து இத மோந்து பாருங்க."

குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். வெகுநாளைக்குப் பிறகு சுஜா வாய்விட்டுச் சிரித்தாள்.

செடி வளர்ப்போர் குழுவில் படம் போட்டாள். ஸ்டெபீலியா என்றே பலரும் சொன்னார்கள். நாகர்கோவில் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ரெனிஷா மட்டும் ஃபோனில் கூப்பிட்டாள்.

"நடுவுல வளையம் மாதிரி எழும்பி நிக்கா அக்கா?"

"நிக்கு. அதுல வெள்ளையா ஈ முட்டையும் கெடக்கு."

"அழுகின எறச்சின்னு நெனச்சு இட்டிருக்கும். பொரிச்சாலும் புழுவுக்குத் தீனி கெடையாது. ஓரத்துல முடி உண்டா?"

"இல்ல."

"அப்ப இது ஆர்பியா. முந்தி ஸ்டெபீலியான்னுதான் சொல்லுவாங்க. கள்ளியே இல்ல, நம்ம எருக்குக்குச் சொந்தம். மணம் எப்படி இருக்கு?"

"எனக்கு மணம் தெரியாது மக்கா. அவருகிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

அதன்பிறகு மொட்டு விரியும்போதெல்லாம் அவள் முகத்தை அருகே கொண்டுபோவாள். வெறும் காற்றுதான் வரும். மறுவருடம் ஒரு நாள், காயாத ஈரத்துணி போல ஏதோ ஒரு வாடை மூக்கில் லேசாகத் தட்டியது. நம்பாமல் இன்னும் ஒருமுறை மூச்சை இழுத்தாள். இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்து ஒரு பிடி மல்லியை வறுத்தாள். அதன் மணமும் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்மகுமார் வருமுன் அவளே சட்டியை இறக்கினாள்.

தொட்டியை இப்போது மொட்டைமாடிக்கு மாற்றியாகிவிட்டது, உலகம்மைக்காகத்தான். போன வாரம் உலகம்மையே மாடியேறி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"காண நல்லாத்தான் இருக்கு. பூக்காம வளக்க முடியுமாட்டி?"

"பூக்காதுன்னு சொல்ல முடியாதுக்கா."

உலகம்மை தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "செரி, ஒரு துண்டு ஒடிச்சுத் தா" என்று கையை நீட்டினாள்.