துணியில் சிக்காத கம்பி

லிப்ட் பழுது பார்ப்பவர்களுக்குள் அவருக்குத் துணிக்காரர் என்று பெயர். மாதச் சோதனைக்குப் போனால் மற்றவர்கள் இரும்புக் கயிற்றின் மேல் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் லிப்டை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, நகரும் கயிற்றை வெள்ளைத் துணியால் லேசாகப் பற்றிக்கொள்வார். முறுக்கில் ஒரே ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அது துணியை வெடுக்கென்று இழுக்கும். விரல் சொல்லிவிடும். இருபத்தாறு வருஷமாக அந்த விரல் பொய் சொன்னதில்லை.

அந்த விரல்தான் ஆறு மாதமாக மரத்துப்போயிருந்தது. சர்க்கரை நோய். முதலில் நுனி, பிறகு முதல் கணு வரை. வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த ஒரு மணி நேரத்துக்கு விரலுக்கு உணர்வைக் கொடுங்க" என்று கேட்பார். பிறகு துணியைப் பிடிப்பார். எதுவும் இழுத்ததாகத் தெரியாது. கேட்டது கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினார். பாதியில் அவள் கையை உருவிக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் ரத்தம். அவளுடையதல்ல.

"ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம். விரலைக் காட்டுங்க. ஐயோ, என்னவோ குத்தி நிக்குதே!"

முள்வாங்கியால் இழுத்தாள். எண்ணெய்க் கறுப்போடு அரை அங்குலக் கம்பி வந்தது.

"இவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு, வலிக்கவே இல்லையா?"

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இது கயிற்றிலிருந்து வந்த இழை. எந்தக் கயிறு? காலையில் பார்த்தது மூன்று லிப்ட்: ஓர் அலுவலகம், ஒரு கடை, ஒரு முதியோர் இல்லம். மூன்றுக்கும் 'சரி'. பையிலிருந்து துணியை எடுத்து உதறி வெளிச்சத்தில் பிடித்தார். எத்தனையோ கிழிசல்கள். எது பழையது, எது இன்றையது என்று தெரியவில்லை.

"நீ சோத்தைப் போடு. சாப்பிட்டுட்டு நானே போய் மறுபடி பார்த்துடறேன்."

"எந்தக் கையால பார்ப்பீங்க?"

அவர் விரலை மடக்கிக்கொண்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். சொன்னார்.

"போன ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சாட்சி சொன்னீங்களே, ஆண்டவர் என் கையைப் பிடிச்சு வேலை செய்றார்னு. நானும் பெருமையா உட்கார்ந்திருந்தேன்."

"நம்பித்தானே கேட்டேன்?"

"அவரையா நம்புனீங்க? உங்க பேரை நம்புனீங்க. அது கெட்டுப் போகாம பார்த்துக்கத்தான் அவரைக் கூப்பிட்டீங்க."

சுருக்கென்றது. இந்த நேரத்தில் முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அவர் போனை எடுத்தார். விரல் பட்ட இடம் தெரியாமல் இரண்டு முறை தவறான எண் விழுந்தது. "கர்த்தாவே" என்றார். இந்த முறை விரலுக்காகக் கேட்கத் தோன்றவில்லை.

"சார், காலையில பார்த்த மூணு லிப்டையும் உடனே நிறுத்தச் சொல்லுங்க. நான் பார்த்தது செல்லாது. என் விரல்ல உணர்வு இல்லை. ஆறு மாசமா இல்லை."

மேற்பார்வையாளர் மூச்சை இழுப்பது கேட்டது. "அப்ப இந்த ஆறு மாசத்துல நீங்க கையெழுத்துப் போட்ட மத்ததெல்லாம்?"

"அதையும்தான் சார்."

ஒரு மணி நேரத்தில் முதியோர் இல்லத்து மோட்டார் அறையில் அவருக்குத் துணையாக வந்து நின்றது மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் வேலை. வேலையில் அவசரக்குடுக்கை என்று இவரே பத்துப் பேர் முன்னால் கேலி செய்த ஆள்.

"செருப்புத்தோல் கைன்னு சொல்வீங்களே அத்தான், அந்தக் கை வந்திருக்கு. துணியைக் குடுங்க."

கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்தார். லிப்டை மெதுவாக ஓடவிட்டார். கயிறு நகர்ந்தது. மைத்துனனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் இன்னொருவன் விரலுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை.

"நில்லுங்க! அத்தான், நிறுத்துங்க!"

குனிந்து எண்ணினான். கேலி முகத்திலிருந்து போய்விட்டது. "ஒன்னு இல்லை. ஒரு சாணுக்குள்ள ஏழு அறுந்திருக்கு."

அவர் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். கீழே யாரோ ஒரு கிழவர், லிப்ட் எப்போது ஓடும், சோறு ஆறிப்போகுது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மாதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட லிப்டுகள் எழுபத்தெட்டு. ஆபீஸ் பட்டியலுக்குக் காத்திராமல் அவர் தரையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து முகவரிகளைச் சொல்லத் தொடங்கினார். மைத்துனன் எழுதிக்கொண்டான். இந்த நேரம் அவற்றில் யார் யார் ஏறி நிற்கிறார்களோ. இருபதாவது முகவரியில் நிறுத்திக் கண்ணை மூடினார்.

"நாங்க அங்கங்க போய்ப் பார்க்குற வரைக்கும் எல்லாத்தையும் நீங்கதான் தாங்கிப் பிடிக்கணும்" என்றார்.

"யார்கிட்ட பேசுறீங்க அத்தான்?"

"எழுது" என்றார். "அடுத்தது ஆஸ்பத்திரி."