நீல அட்டைக்கு யார் குரல்

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பவர்கள், பன்னிரண்டு பேர் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. நின்று வியர்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டுச் சும்மா கிடந்த என்னை, பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் அம்மா கெஞ்சிச் சேர்த்துவிட்டார். பொறுப்பாசிரியை பரமேஸ்வரி டீச்சர் ஒரு வாரம் கெடு வைத்தார்: "வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து பார்ப்பேன். பிள்ளைங்க வாக்கியம் சொன்னா வேலை. இல்லாட்டி வீடு."

மூன்று நிறம்

பச்சை அட்டை பெயரடை, சிவப்பு பெயர்ச்சொல், நீலம் வினைச்சொல். வரிசையாக ஒட்டினால் வாக்கியம். பிள்ளைகள் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். திங்கட்கிழமை முழுக்க ஒரு வாக்கியமும் தேறவில்லை. கடைசி வரிசை யுகேன் மட்டும் கை தூக்கினான். "டீச்சர், போரிங் லா. எப்போ வீட்டுக்குப் போலாம்?"

பெரட்டு

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அடுத்தவர் குரலில் பேசுவது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் பெரட்டு எடுத்தேன். காலையில் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவாரே, அது. பச்சை அட்டைக்கு மீன் லோரிக்காரர் குரல். சிவப்புக்கு மண்டோர் தொண்டை. வரிசைக் கடைசியில் நீலம்; அதற்கு ஒரு செருமல், பிறகு மூக்கால் ஓர் இழுப்பு. அரை மணியில் பன்னிரண்டு வாக்கியம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மண்டோரே மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். யுகேனின் அப்பா அவர்தான். "ஏம்மா, என் மவன் என்னையும் அவங்கம்மாவையும் வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிடறான். வேலையில நான் எடுக்கற பெரட்டு போதாதா?"

அந்த மூக்கு

மண்டோர் போன பிறகுதான் உறைத்தது. நீல அட்டைக்கு நான் கொடுத்த செருமலும் மூக்கும் பரமேஸ்வரி டீச்சருடையவை. வெள்ளிக்கிழமை வந்து உட்காரப்போவதும் அவர்தான்.

வியாழக்கிழமை அந்தக் குரலை மறக்கடிக்கப் பார்த்தேன். நீல அட்டையைத் தூக்கி, என் சொந்தக் குரலில், "குதிக்கிறது" என்றேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. குட்டி தர்ஷினி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "தப்பு டீச்சர். மொதல்ல செருமணும்."

வெள்ளிக்கிழமை

பரமேஸ்வரி டீச்சர் பின்னால் உட்கார்ந்து, செருமிவிட்டு, "ம், ஆரம்பி" என்றார். பன்னிரண்டு தலையும் அவர் பக்கம் திரும்பின.

ஒருத்தன் லோரிக்காரராகி, "பெரிய" என்றான். யுகேன் தன் அப்பாவாகி, "குரங்கு" என்றான். தர்ஷினி நீல அட்டையைத் தூக்கிப் பிடித்தாள், செருமினாள், மூக்கால் இழுத்தாள்: "குதிக்கிறது." நான் வாசலைப் பார்த்தேன், அங்கே கழற்றிவிட்ட என் செருப்பில் ஒரு வார் பிய்ந்திருந்தது.

"நான் இப்படியா பேசறேன்?" என்றார் டீச்சர், மெதுவாக.

"ஆமாம் டீச்சர்" என்றார்கள் பன்னிரண்டு பேரும், மூக்காலேயே.

அவர் மிச்சம் பதினொரு வாக்கியத்தையும் கேட்டு முடித்தார். ஒவ்வொரு நீலத்துக்கும் எனக்கு ஓர் உயிர் போனது. பிறகு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வாக்கியமெல்லாம் சரியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு. நீல அட்டைக்கு வேற ஆளைப் பாரு."

சின்னப் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்பது, அதைக் கேட்கக் கூடாதவர் வந்து உட்காரும்வரை நமக்கே தெரிவதில்லை.